நாள் குறித்தும் சாகாத ராட்சசன்

1996 மார்ச் 15. உலகின் கடைசி மெயின்ஃப்ரேம் கணினி அன்றைக்கு நிறுத்தப்பட்டுவிடும் என்று 1991-லேயே நாள் குறித்துவிட்டார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டூவர்ட் ஆல்சப். அந்த நாளும் வந்தது, போனது. மெயின்ஃப்ரேம் போகவில்லை.

அவர் குறித்ததில் நியாயம் இருந்தது. அறையை அடைக்கும் இயந்திரம், அதைக் குளிரவைக்கத் தண்ணீர்க் குழாய்கள், வருடாவருடம் வாடகை. அதே வேலையைக் குறைந்த செலவில் முடித்துத் தருவதாக யூனிக்ஸ் சர்வர்களும் பிசிக்களும் வந்து நின்றன. மெயின்ஃப்ரேம்களைத் தயாரித்த ஐபிஎம்முக்கு 1993-ல் நஷ்டம் சுமார் 800 கோடி டாலர்.

பிஸ்கெட் கம்பெனியிலிருந்து வந்த லூ கெர்ஸ்ட்னர் அந்த வருடம் ஐபிஎம்மின் தலைமையை ஏற்றார். மெயின்ஃப்ரேமை மலிவான சில்லுகளுக்கு மாற்றி, விலையை வெட்டினார். 2000-ல் போட்டியாளர் பக்கத்து லினக்ஸ் இயங்குதளமும் அதற்குள்ளேயே குடியேறியது.

ஆனால் ராட்சசனின் உயிர் வேறிடத்தில் இருந்தது. 1964-க்கு முன்பு பெரிய கணினி வாங்கினால் பழைய புரோகிராம்களைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அந்த வருடம் ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 அதை மாற்றியது. ஆறு மாடல்கள், ஒரே குடும்பம்; சின்னதில் எழுதியது பெரியதிலும் ஓடும். 500 கோடி டாலர் சூதாட்டம் அது. அந்த வாக்குறுதியை நம்பி வங்கிகளும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் கோபால் மொழியில் எழுதிக் குவித்தன. பெயர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்தாலும் 1959-ல் அமெரிக்காவில் பிறந்த மொழி. வட்டிக் கணக்கு, அபராதம், விதிவிலக்கு என ஒரு நிறுவனத்தின் மொத்த நடைமுறையும் அந்தப் புரோகிராம்களுக்குள் இறங்கியது.

அவற்றை வேறு கணினிக்கு இடம் மாற்றுவது, குடியிருந்தபடியே அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து புதியதற்குத் தாவியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அபராதம் கிட்டத்தட்ட 4.9 கோடி பவுண்டு.

பின்னாளில் ஆல்சப் தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் கதை ஐபிஎம்மின் வெற்றியோடு முடியவில்லை. 2020 ஏப்ரல், கொரோனா காலம். வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் நாற்பது வருடப் பழைய கணினி அமைப்பு திணறியது. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாக வேண்டினார். இயந்திரம் இருந்தது. அதன் மொழி அறிந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள்.

(தொடரும்)