இடிக்கல்லும் பிள்ளையாரும்: கற்கோடரிகள் பரவிய வரலாறு

புக்கிட் பெலண்டோக் தோட்டப்புறத் தமிழாசிரியர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். நெகிரி செம்பிலான் மண்ணில் கற்கோடரி கிடைக்குமாயின், தமிழர் தொல்பழங்காலத்திலேயே இங்கு வந்தமைக்கு அதனைச் சான்றாக மாணவர்க்குக் கூறலாமா என்பதே அது. கூறலாகாது என்பதே நம் விடை, காரணங்கள் நோக்கத்தக்கன.

முதலாவது வடிவம். தென்னிந்தியப் புதிய கற்காலக் கோடரி பெரும்பாலும் இருபுறமும் தீட்டப்பட்டது. குறுக்குவெட்டில் முட்டை வடிவினது. மலாயாத் தீபகற்பத்தில் மிகுதியாகக் கிடைப்பனவோ ஒருபுறம் மட்டும் சரித்துத் தீட்டிய, நாற்கோண வெட்டுடைய வாய்ச்சிகள். தச்சரின் வாய்ச்சியை அறிந்தோர்க்கு வேறுபாடு எளிதில் விளங்கும். இவற்றின் உறவு தென்கிழக்காசியப் பெருநிலத்தோடு ஆகும்.

இரண்டாவது, கிடைத்த இடம் செய்த இடமன்று. பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் டோலரைட் பாறையை உடைத்துப் பெருமளவில் கோடரிகள் செய்தனர். இத்தகைய பாறைப்புறங்களிலிருந்தே கோடரிகள் கைமாறிக் கைமாறிச் சென்றன எனலாம். 2006இல் மயிலாடுதுறைக்கு அருகில் செம்பியன் கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டுகையில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். ஒன்றிலிருந்த குறிகளைச் சிந்துவெளிக் குறிகள் என ஐராவதம் மகாதேவன் கருதினார். அவ்வாசிப்பைப் பற்றிய விவாதத்தில் பலரும் மறந்த எளிய செய்தி ஒன்றுண்டு: காவிரிப் படுகை வண்டல் நிலம், அங்குப் பாறையே இல்லை. அக்கல் எவர் கையிலேனும் வந்திருத்தல் வேண்டும். எக்காலத்தில் வந்தது என்பது வேறு வினா.

அவ்வினாவே நமக்கு முதன்மையானது. சேர்வராயன் மலையூர்களில் பழைய கோடரிகளைத் திரட்டிப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டமை 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. வயலில் கிடைத்த கல் கோயிலுக்குச் சென்றது. அங்கிருந்து ஆய்வாளரின் பெட்டிக்குள் புகுந்து அருங்காட்சியகம் சேர்ந்தது. இந்நாட்டு மலாய் மக்கள் இக்கற்களை 'பத்து லிந்தார்', அதாவது இடியோடு விழுந்த கல் என்று போற்றி வீடுகளில் வைத்திருந்தனர். இந்நம்பிக்கை ஐரோப்பாவிலும் உண்டு. ஆதலின் நம்பிக்கையின் ஒப்புமையைக் கொண்டும் குடிப்பெயர்ச்சியை நிறுவ இயலாது. ஈயச் சுரங்கங்களும் பல கற்களை ஆற்று மணலோடு வெளிக்கொணர்ந்தன. ரப்பர், பின்னர் செம்பனை எனத் தோட்ட மண்ணும் பலமுறை புரட்டப்பட்டதே. எனவே நிலப்படத்தில் நாம் இடும் புள்ளிகளுள் கற்கால மாந்தர் விட்டுச்சென்றவை எத்தனை, பிற்காலத்தார் சுமந்துவந்தவை எத்தனை எனப் பிரித்தறிவது அரிது.

ஆசிரியரிடம் நாம் வேண்டியது இதுவே: அத்தகைய கல் கிடைப்பின், கழுவற்க, எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது எனக் குறித்துவைக்க, அதற்குமுன் அது எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்ததா என்று முதியோரிடம் வினவுக.