கோவையும் துண்டும்: ஜேம்ஸ் புக்கரின் மேப்பிள் லீஃப் பதிவுகளை வாசிக்கும் முறை பற்றி

நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் ஜேம்ஸ் புக்கர் 1983 நவம்பரில் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1993இல், ரவுண்டர் நிறுவனம் ‘ஸ்பைடர்ஸ் ஆன் த கீஸ்’, ‘ரெசரெக்‌ஷன் ஆஃப் த பயூ மகாராஜா’ என இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. ஓக் தெருவிலுள்ள மேப்பிள் லீஃப் மதுக்கூடத்தில் 1977 முதல் 1982 வரை ஜான் பார்சன்ஸ் பதிவு செய்துவைத்திருந்த நாடாக்களிலிருந்து ஸ்காட் பில்லிங்டன் இவற்றைத் தொகுத்தார். கூடத்துப் புக்கர்தான் மெய்யான புக்கர், ஒலிப்பதிவு அறையில் இருந்தவர் கட்டுண்ட புக்கர் என்ற கருத்து இத்தட்டுகளின் வழியாகவே வேரூன்றியது. அக்கருத்தின் பாதியை ஏற்கிறேன். மறுபாதியில்தான் பிணக்கு. நாடா சாட்சி என்பது சரி. அதிலிருந்து வெட்டியெடுத்த தட்டை நாடாவாகவே எண்ணிக்கொள்வதுதான் பிழை. தட்டு ஒரு வாசிப்பு. அந்த வாசிப்புக்கென்று ஒரு சாய்வு உண்டு.

சாய்வு எங்கே இருக்கிறதென்று காண இரு தட்டுகளுக்கும் பொதுவான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ‘பாப்பா வாஸ் எ ராஸ்கல்’ புக்கரின் சொந்தப் பாட்டு. முழுதும் பியானோ வாசிப்பாக அமைந்த ‘ஸ்பைடர்ஸ்’ தட்டில் அது தொடக்கமும் முடிவும் உள்ள தனி உருப்படி. மற்றத் தட்டிலோ ‘டிக்கோ டிக்கோ’ என்ற பிரேசில் நாட்டுச் சோரோ மெட்டில் கிளம்பி, இந்தப் பாட்டுக்குள் நுழைந்து, அவரது இன்னொரு பாட்டான ‘சோ ஸ்வெல் வென் யூ ஆர் வெல்’ வரை ஓடும் கோவையின் நடுக்கண்ணி அது. முதல் தட்டை மட்டும் கேட்பவருக்குப் புக்கர் விந்தையான விரல்வித்தைக்காரர்: இடக்கை அடித்தாளத்தைப் பிடித்திருக்க, வலக்கையின் கீழ்விரல்கள் நடுவில் தாளக்கட்டை நிரப்ப, மேல்விரல்கள் மெட்டைச் சுமக்கும் மூன்றடுக்கு வாசிப்பின் அதிசயம். இரண்டாவதைக் கேட்பவருக்கு அவர் ஒன்றிலிருந்து ஒன்றை விளைவிக்கும் சிந்தனையாளர். இருவரும் ஒருவரே என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் பாட்டும் வாசிப்பும் ஓர் இரவில் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதை, குரலற்றவை ஓரிடம், குரலுள்ளவை பெரும்பாலும் வேறிடம் என்ற இந்தப் பகுப்பு மறைத்துவிடுகிறது. ராகம் தானம் பல்லவியில் ராகங்களையெல்லாம் ஒரு தட்டிலும் பல்லவிகளையெல்லாம் இன்னொன்றிலும் அடைத்துக் கொடுத்தால் நம் ரசிகர் என்ன சொல்வார்?

‘ரெசரெக்‌ஷன்’ தட்டின் முதல் கோவை என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. ‘ஸ்லோ டவுன்’, ‘போனி மரோனி’ என்ற லாரி வில்லியம்ஸ் பாட்டுகள் இரண்டு. அடுத்து மெம்பிஸில் பிறந்த ‘நாக் ஆன் வுட்’. பிறகு டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாட்டான ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’. இறுதியில் புக்கரின் சொந்த ‘கிளாஸிஃபைட்’. வில்லியம்ஸ் நியூ ஆர்லியன்ஸ்காரர். ஆக உள்ளூர்ச் சரக்கில் தொடங்கி, கறுப்பின மக்கள் இசையின் இரு பெருநகரங்களைச் சுற்றிவந்து, தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். இதை வரைபடம் போட்டுத் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போகச் சான்று இடம் தராது. ஆயினும் இதே ‘கிளாஸிஃபைட்’ 1982இல் ஒலிப்பதிவு அறையில் உருவான தட்டுக்குப் பெயரையே தந்தது என்பதை மறக்கலாகாது. அங்கே அது தலைப்புப் பாட்டு, தனித்து நிற்பது. கூடத்திலோ வந்துசேரும் இடம். எனவே அறைக்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உற்சாகம், சுதந்திரம் போன்ற மனநிலைச் சொற்களால் விளக்குவது போதாது. இசையின் அலகே மாறிவிட்டது: அங்கே பாட்டு, இங்கே கோவை.

இக்கோவைகள் தொகுப்பாளரின் ஒட்டுவேலையாக இருக்கக்கூடாதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் தனித்தனியாக நிற்கக்கூடிய பாட்டுகள் கைவசம் இருந்தால் ஐந்து தலைப்புகளை ஐந்து தடங்களாக விற்பதே இசைத்தட்டு வணிகத்தின் வழக்கம். ஐந்தையும் ஒரே தடமாக விட்டிருப்பது வெட்ட இடம் கிடைக்கவில்லை என்பதையே உணர்த்துகிறது. இவ்விடங்களில் நாடா தொகுப்பாளரை வென்றிருக்கிறது என்றே கொள்கிறேன். மற்ற இடங்களில் தொகுப்பாளர் நாடாவை வென்றிருக்கலாம். இறந்தவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டதே தவறு என்போரும் உண்டு. அந்த அறக்கேள்வி தனியே பேசவேண்டியது. நாடாவை எப்படி வாசிப்பது என்ற கேள்விக்கு அது விடையாகாது. சோர்ந்த இரவுகளையும் சேர்த்தால் கலைஞரின் பெயர் கெடும் என்ற கவலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதைப்பழக்கம், லூசியானாவின் அங்கோலா சிறை, சிதறிய கடைசி ஆண்டுகள் என அவர் வாழ்வு ஏற்கனவே கதையாகிவிட்டது. நல்ல இரவுகளை மட்டும் பொறுக்கித் தருவது அக்கதையை மாற்றாது. அதைச் சோதிக்கும் வழியைத்தான் அடைக்கும்.

பொறுக்கியெடுப்பதால் நேரும் இந்த இழப்பு வெறும் அழகியல் இழப்பு அன்று. ஐரோப்பாவில் உச்சம், ஊர் திரும்பியபின் சரிவு என்ற வரலாற்று வரைவை இத்தட்டுகளைக் கொண்டு மறுப்பவர்களும் இருக்கிறார்கள், நிறுவுபவர்களும் இருக்கிறார்கள். 1977 நவம்பரில் சூரிச் மேடையில் பதிவான ‘நியூ ஆர்லியன்ஸ் பியானோ விசார்ட்’ ஒரே நிகழ்ச்சியின் பதிவு. அதைப் பிடித்துக்கொண்டு அந்த நாளைப் பற்றிப் பேசமுடியும். அதற்கு எதிராக நிறுத்தப்படும் மேப்பிள் லீஃப் தட்டுகளோ ஆறு ஆண்டுகளின் பொறுக்கு. ஒரு நாளையும் ஆறு ஆண்டுகளின் சிறந்த நிமிடங்களையும் ஒரே தராசில் வைத்து ஏற்றம் இறக்கம் பேசுவது எந்தப் பக்கத்துக்கும் உதவாது. என் ஐயம், சரிவு என்று ஒன்று இருந்திருந்தால் அது விரல்களில் தெரியாது என்பதே. ‘ஸ்பைடர்ஸ்’ தட்டின் விரல்களில் குறையொன்றும் கேட்கவில்லை. அது கோவைகள் அறுபடும் இடங்களில், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி தெரியாமல் அவர் நின்றுவிட்ட இடங்களில்தான் தெரியவேண்டும். எந்தத் தொகுப்பாளரும் முதலில் நீக்குவது அத்தகைய இடங்களைத்தான். ஆகவே அடுத்த வெளியீடு எதுவாயினும், ‘சிறந்தவை’ என்ற இன்னொரு தட்டு நமக்கு வேண்டாம். ஒரே ஓர் இரவு போதும்: நாடா சுழலத் தொடங்கிய கணம் முதல் தீர்ந்த கணம் வரை, கோப்பைச் சத்தமும் இடைப்பேச்சும் தடுமாற்றமும் உட்பட, தேதியோடு.