ஓலையும் தாளும்: காவிரிக்கரையில் ஓர் ஒப்பீடு

காகிதத்தின் கதை சீனத்தில் தொடங்கி, பாக்தாத் வழியே ஐரோப்பாவுக்குப் போய்விடும். அந்தக் கதையில் தமிழகம் மிகவும் பிந்தித்தான் வருகிறது. இதைப் பின்தங்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவரங்கத்து ஏட்டையும் புகழூர்த் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் வேறு என்பது தெரியும்.

கி.பி. 105-இல் ஹான் அரண்மனை அதிகாரி சாய் லுன் தாள் செய்யும் முறையைப் பேரரசரிடம் முன்வைத்தார். அவருக்கு முந்தைய காகிதத் துண்டுகளும் சீனத்தில் அகப்பட்டிருப்பதால், அவரை அந்தத் தொழிலைச் சீர்படுத்தியவர் என்பதே பொருந்தும். மரப்பட்டை, சணல், கந்தல் துணி, கிழிந்த மீன்வலை ஆகியவையே அவருடைய மூலப்பொருள்கள். அவற்றை ஊறவைத்து இடித்து, நார் நாராகப் பிரித்து நீரில் கலக்கி, சல்லடையால் அள்ளுவார்கள். நீர் வடிந்து உலரும்போது அந்த நார்கள் பசையில்லாமலே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நாரைக் குலைத்து மறுபடி சேர்ப்பதுதான் காகிதத்தின் அடிப்படை.

ஓலையில் நார் குலைவதே இல்லை. மரம் எப்படித் தந்ததோ அப்படியே இருக்கிறது. பதமான ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, மீண்டும் காயவைத்து, சங்காலோ கூழாங்கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி. அகலத்தை மரமே தீர்மானித்துவிடுகிறது. மெருகேறிய பரப்பில் மை ஒட்டாது. எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலில் கரி தடவ வேண்டும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லாமலே எழுதினார்கள். அதனால் படிப்பவருக்கு ஏற்பட்ட தொல்லையைப் பழைய பதிப்பாசிரியர்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள்.

காகிதம் பரவிய வேகமும் ஒரே மாதிரி இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஜப்பானில் இருந்தது. 751-இல் தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைவினைஞர்களால் சமர்கந்தில் இத்தொழில் தொடங்கியதாக அரபு நூல்கள் சொல்கின்றன. அங்கிருந்து பாக்தாத், பிறகு ஸ்பெயின், இத்தாலி. காஷ்மீரில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் 15-ஆம் நூற்றாண்டில் அதை வளர்த்தார். ஆனால் வயல் வரப்பெங்கும் பனை நிற்கும் நாட்டில் ஒரு கத்தியும் ஓர் எழுத்தாணியும் போதும். பட்டறையோ முதலீடோ வேண்டாம். நம் புழுக்கத்தில் கைக்காகிதம் ஓலையைவிட நெடுநாள் தாங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. தேவை ஓலையாலேயே நிறைவேறியதால் மாற்றத்துக்கு அவசரம் இல்லை.

ஓலையின் குறை வேறு இடத்தில் இருந்தது. அதைத் திருவரங்கம் நன்றாகக் காட்டுகிறது. கோயிலுக்கு வந்த கொடைகள் கல்லில் வெட்டப்பட்டன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுதும் அந்தக் கல்வெட்டுகள்தாம். வைணவ உரைகளோ ஓலையில் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி. ஓலையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால், நூலின் அளவைப் பக்கத்தால் சொல்லாமல் எழுத்தால் சொன்னார்கள். வைணவ மரபுப்படி, அந்த ஏடு பல தலைமுறைகள் ஓர் ஆசிரியரிடமிருந்து ஒரு மாணவருக்கே போனது. 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் அந்தத் திருவரங்கக் கோயிலில் ஓராண்டு அதை விரித்துச் சொன்ன பிறகே ஊரறிந்தது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோனதால், அந்த இடத்தை மட்டும் மாமுனிகளே எழுதி நிரப்பினார். எத்தனை பெரிய உரையும் ஒரே பிரதியை நம்பியிருந்தால் இதுதான் நேரும். படியெடுக்க ஆள் இருக்கும்வரைதான் ஓலை நூல் வாழும்.

அச்சும் தாளும் சேர்ந்தபோது அந்தச் சார்பு நீங்கியது. அதற்கும் தாள் போதுமான அளவு வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் மறைபரப்பாளர் சீகன்பால்குவின் குழு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது காகிதத் தட்டுப்பாட்டால் எழுத்தையே சிறிதாக வார்க்க வேண்டியிருந்தது. அருகே பொறையாறில் அமைத்த காகித ஆலை நிலைக்கவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்துத் திருவரங்கத்திலேயே ஸ்ரீவாணி விலாஸ் அச்சகம் சங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. ஏட்டின் ஊரில் தாள் ஊன்றிக்கொண்டதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சாய் லுனின் வழி மிக நெருக்கமாகத் திரும்பி வந்தது புகழூரில்தான். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டபோது அந்த இடம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல்தான் கரூர் தனி மாவட்டமானது. முதன்மை மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் அடுப்பெரித்த அந்தச் சக்கையை வாங்கிக்கொண்டு, பதிலாக நீராவி கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். சக்கையின் சோற்றைப் பிரித்து, காரத்தில் வேகவைத்து, நாரை எடுத்து, நீரில் கரைத்துத் தாளாக்குகிறார்கள். பழைய மீன்வலையில் சீனர்கள் செய்ததும் இதுவே: கழிவென்று தள்ளியதிலிருந்து நாரை மீட்பது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய அதே நிறுவனத்தின் அட்டை ஆலை ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் திறன் கொண்டது. நீரைப் பெருமளவில் உண்ணும் தொழில் இது. ஓலைக்கோ ஒரு பானைத் தண்ணீர் போதும். காவிரி வற்றும் கோடைகளில் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

என் முடிவு: பலரிடம் கொண்டு சேர்ப்பதில் தாளுக்கு நிகரில்லை, உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்க் கையையும் மட்டும் நம்பி நூற்றாண்டுகளைக் கடந்ததில் ஓலைக்கு நிகரில்லை. ஆனால் இன்று படியெடுக்கும் கைகள் இல்லை. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். திருச்சியிலும் திருவரங்கத்திலும் பரணில் சுவடிக் கட்டு வைத்திருப்பவர்கள் அதைப் பிரித்துத் துடைக்க முயலாமல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ சரஸ்வதி மகால் நூலகத்திலோ ஒருமுறை காட்டுங்கள். அதன் வேறு படி உலகில் எங்கும் இல்லாமலும் இருக்கலாம்.