வளைகுடாப் போர்த் திரைப்படங்களில் குற்றவுணர்வும் இழப்பும்

1990–91 வளைகுடாப் போரைப் பற்றிய படங்களில் சில, வெற்றியை ஒதுக்கிவிட்டுக் குற்றவுணர்வையும் இழப்பையும் கையில் எடுத்தவை. அந்தப் போரின் முக்கியத் தளங்களில் ஒன்று சவூதி அரேபியாவின் ஜுபைல். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே அமெரிக்க மரைன் படையினர் இத்துறைமுகத்தில் வந்திறங்கினர். ஆனால் அதே சவூதியில் பல பத்தாண்டுகளுக்குப் பின் 2018இல்தான் திரையரங்குகள் மீண்டும் திறந்தன. அதனால் இப்போர் நடந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் இதைப் பற்றிய படங்களைத் தம் ஊர்த் திரையில் பார்க்க நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது.

இப்படங்கள் மனத்தை உலுக்குவது சாவைக் காட்டுவதால் அல்ல. நடந்ததை யார், யாரிடம் சொல்வது என்ற கேள்வியால். எட்வர்ட் ஸ்விக் இயக்கிய 'கரேஜ் அண்டர் ஃபயர்' (1996) படத்தில், டாங்கிப் படை அதிகாரி செர்லிங் இரவுச் சண்டையில் எதிரி என்று நினைத்துச் சுட உத்தரவிடுகிறார். எரிவது அவருடைய நண்பரின் டாங்கி. எதிரியின் குண்டுக்கு மகன் பலியானதாகப் பெற்றோருக்குத் தகவல் போகிறது. இந்தக் கதை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. அப்போரில் களத்தில் இறந்த 148 அமெரிக்க வீரர்களில் 35 பேர் சொந்தத் தரப்பின் குண்டுக்கே பலியானவர்கள். டாங்கி எரியும் காட்சியைவிட, செர்லிங் அந்தப் பெற்றோரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லும் காட்சிதான் கனக்கிறது. வெர்னர் ஹெர்சாகின் 'லெசன்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1992) இதன் மறுபக்கம். எரியும் குவைத் எண்ணெய்க் கிணறுகளுக்கு இடையே, கண்முன் மகன்கள் சித்திரவதையில் சாவதைப் பார்த்துப் பேச்சிழந்த ஒரு தாய் வருகிறார். குற்றவுணர்வு ஒருவரைப் பேசவைக்கிறது. இழப்பு இன்னொருவரின் வாயை அடைத்துவிடுகிறது.

சுட்டவனின் கண்ணீருக்கே இப்படங்கள் இடம் தருகின்றன என்பது வலுவான மறுப்பு. சாம் மெண்டஸின் 'ஜார்ஹெட்' (2005) படத்தில் ஈராக்கியர்கள் பெரும்பாலும் சாலையோரத்துக் கரிந்த உடல்களே. அவர்களுக்குப் பெயரோ வீடோ இல்லை. செர்லிங்கின் மன்னிப்பும் தன் தரப்புப் பெற்றோரிடம்தான் போய்ச் சேர்கிறது. இந்தக் குறை உண்மை. ஆனால் அதை நமக்குக் காட்டிக்கொடுப்பதும் இப்படங்களின் கதையமைப்பே: ஒரு வீட்டுக் கதவைத் தட்டக் கடமை இருந்தால், தட்டப்படாத மற்ற கதவுகளும் கணக்கில் வந்துவிடுகின்றன.

குற்றவுணர்வு இல்லாத இழப்புக்கு இந்தி 'ஏர்லிஃப்ட்' (2016) எடுத்துக்காட்டு. குவைத்தில் சிக்கிய சுமார் 1,70,000 இந்தியர்கள் நாடு திரும்பியதை அது சொல்கிறது. தொழிலும் வீடும் பறிபோன துயரம், தாய்நாடு காப்பாற்றிய நிம்மதியில் கரைந்துவிடுகிறது. பதில் சொல்லவேண்டியவர் எவரும் கதைக்குள் இல்லாததால், பார்ப்பவரும் நெஞ்சில் பாரமின்றி எழுந்துபோக முடிகிறது.