தபாலில் ஆடிய சதுரங்கமும் ஒரு சென்னைக்காரரும்



செண்பகனூரில் இரண்டு நாளாகப் பனிமூட்டம். பேரன் செல்போனில் யாரோ வெளிநாட்டுக்காரரோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தான். "தமிழ்நாட்டில் முதல் பெரிய செஸ் ஆட்டக்காரர் யார் தாத்தா?" என்று கேட்டான். "மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர்" என்றேன். வகுப்பிலும் பல வருடம் இதையேதான் சொன்னேன். ஆனால் அவருக்கும் 130 வருடம் முன்னால் ஒருவர் இருந்தார். பெயர் குலாம் காசிம்.

1828இல் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் கடிதம் மூலம் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ரயில் இல்லை, தந்தி இல்லை. தபால் ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்து ஓடிய காலம். நம் கொடைக்கானலில் முதல் பங்களாக்கள் எழும்பியதே 1845இல்தான். அதே சமயத்தில் லண்டனும் எடின்பரோவும் இப்படிக் கடிதத்தில் ஆடின. 'ஸ்காட்ச்' என்ற தொடக்கத்துக்குப் பெயர் வந்தது அந்தப் போட்டியால்தான்.

சென்னை அணியில் ஆடியவர் குலாம் காசிம். அவரும் சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து அந்த இரு ஆட்டங்களையும், 'முசியோ கேம்பிட்' என்ற தொடக்கத்தின் ஆய்வையும் 1829இல் சென்னையிலேயே புத்தகமாக வெளியிட்டார்கள்.

முசியோவில் வெள்ளைக்காரர் தன் குதிரையை வெட்டக் கொடுத்துவிட்டு, கேஸ்லிங் செய்து, எதிராளியின் ராஜா மீது பாய்வார். கேஸ்லிங்குக்குப் பதிலாக ராணி முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது இன்னொரு வழி. குதிரை அப்போதும் வெட்டுக்குத்தான் நிற்கும். செஸ் புத்தகங்களில் இன்றும் இதற்கு 'குலாம் காசிம் கேம்பிட்' என்றே பெயர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் பொதுவாகச் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். ஐரோப்பிய முறை கேஸ்லிங்கும் கிடையாது. அவர்களுடைய விதியில், அவர்களுடைய தொடக்கத்தையே அலசி, அதில் தன் பெயரைப் பதித்திருக்கிறார் மனிதர்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தினோம். 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அந்தக் கொண்டாட்டங்களில் இந்தப் பெயர் என் காதில் விழவில்லை. குற்றம் சொல்ல எனக்கும் தகுதியில்லை. நானே சொல்லித் தரவில்லையே!

என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று நான் சொன்ன பதிலில் இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரனிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.