பூவுக்கு அடியில் இருக்கும் உணவு

கொலம்பியா ஆறு மலையைப் பிளந்து ஓடும் இடத்தில், வாஷிங்டன் கரையில் கேத்தரின் க்ரீக் நடைபாதை இருக்கிறது. பாறைமேல் விரலளவு மண்தான். பிப்ரவரி கடைசியிலேயே அதில் ஊதா நிற கிராஸ் விடோ விரிந்துவிடும். ஏப்ரலில் நீலக் காமஸ். மே மாதம் தரையோடு ஒட்டிய இளஞ்சிவப்பு பிட்டர்ரூட். போர்ட்லாந்துக்குக் குடிவந்ததிலிருந்து வசந்தம்தோறும் போகிறேன். எல்லாரும் பூவைப் படம் எடுப்பார்கள். எனக்கு அதன் அடியில் இருக்கும் கிழங்கின் மேல்தான் நினைப்பு.

இது சஹாப்டின் மொழி பேசும் மக்களின் உணவு நிலம். கிழங்கு தோண்டுவது பெண்களின் வேலை. குறுக்கே கைப்பிடி வைத்த தோண்டுகோலை 'காபின்' என்பார்கள். முன்பு கெட்டி மரம், இப்போது இரும்பு. பருவத்தின் முதல் கிழங்குக்கு விருந்து வைத்து நன்றி சொன்ன பிறகே ஊர் தோண்டப் போகும். சின்னக் கிழங்கை விட்டுவிடுவார்கள். பிட்டர்ரூட்டைப் பூக்குமுன் எடுத்தாக வேண்டும். பூத்தால் தோல் லேசில் உரியாது. காமஸை, சுட்ட கற்கள் பரப்பிய குழியில் இலைகளோடு மூடி நெடுநேரம் வேகவைப்பார்கள். அப்போதுதான் இனிப்பு ஏறும். எப்போது, எதை, எவ்வளவு என்று இத்தனை நுணுக்கமாக அறிந்து கையாண்ட மண்ணை வெறும் காடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

1806-இல் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் மொன்டானாவில் பிட்டர்ரூட்டைப் பறித்துப் பாடம் செய்தார். பிலடெல்பியா கொண்டுபோய் நட்டபோது காய்ந்த வேர் துளிர்த்தது. 1814-இல் புர்ஷ் என்ற தாவரவியலாளர் அந்தச் செடியின் பேரினத்துக்கு லூயிஸின் பெயரையே வைத்தார். அதை உரித்துக் காயவைத்து குளிர்காலம் கடத்திய பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட என் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

1855 ஜூன் ஒப்பந்தத்தில் சஹாப்டின் பேசும் யாக்கமா மக்கள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் இழந்தார்கள். யாரும் உரிமை கொண்டாடாத திறந்த நிலத்தில் கிழங்கும் பழமும் சேகரிக்கும் உரிமையை எழுத்தில் தக்கவைத்தார்கள். பிறகு வேலி வந்தது, ஏர் வந்தது, மாடு வந்தது. திறந்த நிலம் சுருங்கியது. 1957 மார்ச் 10 அன்று டேல்ஸ் அணையின் நீரில் கொலம்பியா ஆற்றின் செலிலோ அருவி மூழ்கியது. மீனும் கிழங்கும் கைமாறிய பெருஞ்சந்தை அது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டம் 1986-இல்தான் வந்தது.

வழக்கம் மட்டும் அறுபடவில்லை. இன்றும் வசந்த விருந்தில் முதலில் ஒரு வாய் தண்ணீர், பிறகு சால்மன், இறைச்சி, கிழங்கு, பழம். அந்தக் கிழங்கை இப்போதும் பெண்கள்தான் காபினோடு போய்த் தோண்டி வருகிறார்கள்.