எழுபத்திரண்டாம் பிரிவும் சுரங்கத்துச் சேட்டையும்

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவுக்கு மூன்றே உட்பிரிவுகள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும்வரை கோலார் தங்கவயலின் ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கம் கூண்டேறி இறங்கிய எல்லாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். சேட்டை, விளையாட்டு என்ற பேச்சே இதில் இல்லை. ஆனால் கீழே விளையாடியவன் மாட்டியது இதில்தான்.

முதல் உட்பிரிவின் பொருள்: உடல்நலம், பாதுகாப்பு, நல்வசதி ஆகியவற்றுக்காகச் சுரங்கத்தில் வைத்த எதிலும் வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது, தவறாகப் பயன்படுத்தவும் கூடாது.

'எதிலும்' என்பது அகலமான சொல். முதலுதவிப் பெட்டியும் அதற்குள் வரும், குடிநீர்த் தொட்டியும் வரும். எனக்கு முதலில் தோன்றுவது சமிக்ஞை மணி. கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திர ஓட்டுநர் மேலே உட்கார்ந்திருப்பார். கீழே யார் ஏறினார்கள், யாருடைய கால் இன்னும் வெளியே இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மணி சொன்னபடி இயக்குவார். ஒருவன் வேடிக்கைக்காக மணியை அடித்தாலும் அவருக்கு அது கட்டளைதான்.

இரண்டாவது: தக்க காரணமில்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய எதையும் வேண்டுமென்றே செய்யலாகாது.

பிரிவின் உயிர் இங்கே இருக்கிறது. பாறை துளைக்கும் இயந்திரம் அழுத்தக் காற்றில் ஓடுவது. அந்தக் குழாயைக் கூட்டாளியின் மேல் திருப்பிப் பீய்ச்சுவது தொழிலிடங்களில் உலகம் முழுக்க நடந்துவரும் சேட்டை. காற்று உடலுக்குள் புகுந்தால் குடல் கிழியும். இப்படி இறந்தவர்கள் உண்டு. குழாய் உற்பத்திக்கான கருவி, பாதுகாப்புக்காக வைத்ததல்ல. ஆகவே முதல் உட்பிரிவில் சிக்காமல் நழுவிவிடும். இங்கே நழுவ முடியாது. 'விளைவிக்கக்கூடிய' என்றதால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் குற்றம் குற்றமே. தன்னை முதலில் சொல்லிப் பிறரைப் பின்னால் வைத்ததையும் கவனிக்க: 'என் உயிர், என் இஷ்டம்' என்ற வாதம் செல்லாது. 'தக்க காரணம்' என்பது, இடிபாட்டில் சிக்கியவனை இழுக்கத் தடுப்பைத் தாண்டி ஓடுபவனைக் காப்பதற்கு. பந்தயம் காரணமாகாது.

இத்தகைய ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கைலார்க்கிங்' என்று ஒரு பழைய சொல் உண்டு. கப்பல் பாய்மரத்தில் ஏறிக் கயிறு பிடித்துச் சறுக்கி விளையாடிய மாலுமிகளோடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. பெயர் வானம்பாடியிடமிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளை ஆடவும் இப்படித் துள்ளவும் சொல்லி அதிகாரியே ஆணையிடுவதுண்டு. கடலில் ஆணையாக இருந்த அதே சொல், பிற்காலத்தில் தொழிற்சாலை, சுரங்கப் பாதுகாப்பு விதிகளில் தடையாகிவிட்டது. திறந்த வானத்தின் கீழே பொருந்தியது மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன சாம்பியன் ரீஃபில் பொருந்துமா!

'வேண்டுமென்றே' என்ற சொல்லில் தகராறு உண்டு. 'விளையாட்டுக்குத்தான் செய்தேன், சாகடிக்கவா நினைத்தேன்?' என்பான் சேட்டை செய்தவன். செய்கை வேண்டுமென்றே செய்ததாக இருந்தால் போதும், விளைவை விரும்பியிருக்க வேண்டியதில்லை என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 15ஆம் பிரிவில், பாதுகாப்புப் பொருள்களைக் குலைப்பதைப் பற்றிச் சொல்லும்போது, வேண்டுமென்றே செய்வதோடு பொறுப்பற்றுச் செய்வதையும் சேர்த்துவிட்டது. விளையாட்டுப் புத்திக்கு அதைவிடப் பொருத்தமான வலை கிடையாது.

மூன்றாவது: நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தந்ததை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விடக்கூடாது.

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்வது போன்றவை. முதல் உட்பிரிவில் இருந்த 'நல்வசதி' இங்கே இல்லை. ஓய்வறையில் உட்காராதவனைத் தண்டிக்க முடியாது அல்லவா?

கடைசியாக, பிரிவின் தொடக்கத்தில் வரும் 'சுரங்கத்தில் வேலை செய்பவர்' யார் என்று பார்க்க வேண்டும். தொழிலாளியை மட்டும் மிரட்டும் பிரிவு என்றே இதைப் பலரும் கோபத்தோடு படிக்கிறார்கள். கோலாரில் பாறை வெடித்துச் சிதறி மாண்டவர்கள் யாருடைய சேட்டையாலும் மாண்டவர்களல்லர் என்பதால் அந்தக் கோபமும் நியாயமே. ஆனால் இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, வேலை செய்பவர் என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது முதலில் குறிப்பிடுவது மேலாளரைத்தான்.